போர்வையா, குடையா, மூடியா: நகரத்தின் மேல் நிற்கும் புகை வெப்பத்தை என்ன செய்கிறது

காற்று மாசு நகரத்தைச் சூடாக்குகிறதா, குளிர வைக்கிறதா? இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி, புகை போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது, வெப்பம் வெளியே போக வழியில்லாமல் ஊர் கொதிக்கிறது என்கின்றன. மீதிப் பாதி, புகை குடை மாதிரி வெயிலை மறைக்கிறது, அதனால் கொஞ்சம் குளிர்ச்சிதான் என்கின்றன. இரண்டையும் படித்தவர் குழம்பித்தான் போவார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே தரையில் நிற்கும் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துச் சொல்லும் பதில்கள். மாசின் பெரிய வேலை நம் தலைக்கு மேலே, 200 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர் என்று அடுக்கடுக்காக நடக்கிறது. அது வெப்பத்தை இடம் மாற்றி வைக்கிறது: கீழே குறைத்து, மேலே கூட்டி. இந்த இடமாற்றம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குள்தான். ஆனால் ஒரு நகரம் மூச்சுத் திணறுவதற்கு அந்த ஓரிரு டிகிரி போதும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் மாசே இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். தூய காற்று சூரிய ஒளிக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமலேயே கடந்து வந்து தரையில் விழுகிறது. தரை சூடாகிறது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடாகிறது, சூடான காற்று லேசாகி மேலே ஏறுகிறது, மேலே இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் அடியிலிருந்து சூடாகிப் புரளுமே, அதே கதைதான். காற்றுக்கும் அடுப்பு கீழேதான் இருக்கிறது. அதனால்தான் மேலே போகப் போகக் குளிர்கிறது, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். தரையை ஒட்டி இப்படிப் புரண்டு கலந்துகொண்டிருக்கும் பகுதியை எல்லை அடுக்கு என்பார்கள். நல்ல வெயில் நாளில் மதியம் இதன் உயரம் 1 முதல் 2 கிலோமீட்டர் வரை போகும். இரவில் 100, 200, 300 மீட்டர் என்று சுருங்கிவிடும். நகரம் வெளியேற்றும் புகை முழுவதும் முதலில் வந்து சேர்வது இந்த அடுக்குக்குள்தான், ஆகவே இதன் உயரத்தைப் பிறகு அடிக்கடி தொட வேண்டியிருக்கும்.

இரவில் ஏன் சுருங்குகிறது? சூரியன் போனதும் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிர்கிறது. விடியும் நேரத்தில் பார்த்தால் கீழே குளிர்ந்த, கனமான காற்று. அதன் மேலே அதைவிட வெப்பமான காற்று. பாடப்புத்தகங்களில் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று வருவது இதுதான். குளிர்கால அதிகாலையில் தூரத்துப் புகைபோக்கி ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? புகை நேராக ஏறும், ஒரு உயரத்தில் எதிலோ முட்டியது போல நின்று பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். முட்டியது அந்த வெப்பமான அடுக்கில்தான். ஏறிவரும் காற்றைவிட மேலே இருக்கும் காற்று லேசானது என்றால், ஏறுவதற்கு மேலே இடமே இல்லை.

இந்த மூடியை மாசு உண்டாக்குவதில்லை. அது எந்த ஊரிலும் தெளிந்த, காற்றடிக்காத இரவில் தானாக உருவாகும், காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும் தானாக உடையும். மாசு செய்வது என்னவென்றால், அந்த உடைவைத் தாமதப்படுத்துகிறது. மோசமான நாட்களில் உடையவே விடுவதில்லை. எப்படி என்று புரிய வேண்டுமானால் 'மாசு' என்ற ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, காற்றில் சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் சல்பேட் துகள்களாகிறது. வாகனப் புகையிலிருந்து நைட்ரேட் துகள்கள் வருகின்றன. இவை வெளிர்நிறத் துகள்கள். ஒளியை விழுங்குவதில்லை, நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. சிதறியதில் ஒரு பங்கு திரும்ப விண்வெளிக்கே போய்விடுகிறது. அந்தப் பங்கு பூமிக்குக் கிடைக்காமல் போன வெப்பம். ஆக இவை சுத்தமான குடை. புகைக்கரி வேறு ஜாதி. டீசல், விறகு, பயிர்த்தாள், குப்பை என்று எதுவெல்லாம் அரைகுறையாக எரிகிறதோ அதிலிருந்தெல்லாம் வரும் கறுப்புத் துகள் அது. ஒளியை விழுங்கி, விழுங்கியதைச் சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பமாகக் கொடுத்துவிடும். புதிதாக வெளிவந்த புகைக்கரி வெறும் 1 கிராம் காற்றில் பரவி நின்றால், ஏறத்தாழ 7.5 சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியை விழுங்கும் திறன் உள்ளது, அதாவது ஒரு சின்ன அறையின் தரை அளவு. நாளாக ஆக அதன் மேல் சல்பேட்டும் கரிமப் பொருட்களும் பூச்சாகப் படியும்போது அந்தப் பூச்சு ஒரு வில்லை போல ஒளியை உள்ளே குவித்துக் கொடுக்கும், அப்போது விழுங்கும் அளவு இன்னும் கூடும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். வெண்ணிறத் துகளும் கறுப்புத் துகளும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும் என்று நினைத்திருந்தேன், உண்மையில் வெண்மை கறுப்புக்குக் கைகொடுக்கிறது.

இவை தவிரப் புழுதி இருக்கிறது, பருமனான துகள். நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. நீல ஒளியை விழுங்குவதால் புகைமூட்டத்துக்குப் பழுப்பு நிறம் வருவதில் அதற்கும் பங்கு உண்டு. தரைமட்ட ஓசோன் இருக்கிறது, அது ஒரு பசுங்குடில் வாயுவும்கூட.

சரி, அந்தப் போர்வை விஷயத்துக்கு வருவோம். நகரப் புகையில் பெரும்பாலான துகள்கள் 1 மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு சிறியவை என்று விளங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். துகளின் அளவும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் அந்தத் துகள்கள் ஒளியை அவ்வளவு திறமையாகத் தடுக்கின்றன. ஆனால் தரையிலிருந்து இரவில் வெளியேறும் வெப்பக் கதிரின் அலைநீளம் 10 மைக்ரானை ஒட்டியது. அத்தனை நீண்ட அலைக்கு முன்னால் இந்த நுண்துகள் ஒன்றுமே இல்லை, கடலலைக்கு நடுவே நட்டு வைத்த குச்சி மாதிரி; அலை சுற்றிக்கொண்டு போய்விடும். ஆக நுண்துகள் மாசு, பகலில் உள்ளே வரும் ஒளியைத் தடுக்கிறது, இரவில் வெளியே போகும் வெப்பத்தை ஏறத்தாழ விட்டுவிடுகிறது. போர்வை செய்வதற்கு நேர் எதிர். விதிவிலக்குகள் இருக்கின்றன: பருமனான புழுதியும், ஈரம் குடித்து ஊதிப்போன துகள்களும், மூடுபனியும் வெப்பக் கதிரைத் தடுக்கும். அந்த இடத்தில் மட்டும் போர்வை என்ற உவமை பொருந்துகிறது.

இன்னொரு தவறான புரிதலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தின் மேல் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகத் தேங்குவது உண்மை. ஆனால் அந்தத் தேக்கத்தால்தான் அந்த நகரம் சூடாகிறது என்பது சரியில்லை. கார்பன் டை ஆக்சைடின் விளைவு உலகம் முழுவதும் கலந்துபோய், முழு வளிமண்டலத்தின் உயரத்திலும் வேலை செய்வது. நகரத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டரில் அது கொஞ்சம் கூடியிருப்பதால் அங்கே ஏற்படும் வெப்ப மாற்றம் மிக அற்பம். துகள்களின் கதை அப்படியில்லை, அவை இருக்கும் இடத்திலேயே, அதே நாளில் வேலையைக் காட்டிவிடும்.

எவ்வளவு காட்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கில்லை. ஒரு சதுர மீட்டர் தரை, அதன் மேல் 1 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு காற்றுத் தூண். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ, ஆகவே தூணின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1,000 ஜூல் வேண்டும், முழுத் தூணுக்கும் 12 லட்சம் ஜூல். இப்போது அந்தத் தூணில் கலந்திருக்கும் புகைக்கரி சூரிய ஒளியிலிருந்து 30 வாட் விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரப் பகலில் அது 8 லட்சத்து 64 ஆயிரம் ஜூல். தூண் முழுவதும் சமமாகப் பங்கிட்டால் 0.7 டிகிரி. சிறிய எண்தான். ஆனால் கரி சமமாகப் பரவி நிற்பதில்லை, ஒளியும் சமமாக விழுவதில்லை. மேலிருந்து வரும் வெயில் அடுக்கின் மேற்பகுதியில்தான் முதலில் விழுங்கப்படும், ஆக வெப்பமும் அங்கேதான் அதிகம் சேரும். அதே நேரத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டிய அந்த 30 வாட் வரவில்லை. சிதறடிக்கும் துகள்கள் தடுத்ததையும் சேர்த்தால் இழப்பு இன்னும் அதிகம். மேலே ஒரு டிகிரி ஏறி, கீழே ஒரு டிகிரி இறங்கினால் இடைவெளி இரண்டு டிகிரி. காற்று மேலே ஏறுவதும் ஏறாமல் நிற்பதும் இந்த அளவு இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. அடுப்பு கீழே இருந்த வரைக்கும் பாத்திரம் புரண்டது. இப்போது அடுப்பில் ஒரு பகுதியைத் தூக்கிப் பாத்திரத்தின் வாய்ப்பக்கம் வைத்துவிட்டோம், தண்ணீர் எப்படிப் புரளும்?

அப்புறம் நடப்பதுதான் மோசமானது. கலப்பு குறைகிறது, எல்லை அடுக்கு தாழ்கிறது. அதே அளவு புகை இன்னும் சிறிய இடத்தில் அடைபடுகிறது, அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடினால் மேலே இன்னும் அதிகமாக ஒளி விழுங்கப்படும், தரை இன்னும் குளிரும், அடுக்கு இன்னும் தாழும். மாசு தன்னைத் தானே அடைத்து வைத்துக்கொள்கிறது. சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் டிங் ஐஜுன் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெருநகரங்களின் குளிர்காலப் புகைமூட்டத்தைப் புகைக்கரி இப்படித்தான் தீவிரமாக்குகிறது என்று காட்டி, அதைக் குவிமாட விளைவு என்று அழைத்தார்கள். அவர்கள் வலியுறுத்திய விஷயம் எல்லை அடுக்கின் மேற்பகுதியில் இருக்கும் கரி. பிறகு வந்த ஆய்வுகளில் இதற்கு ஒரு மறுபக்கமும் தெரிந்தது: அதே கரி தரையை ஒட்டியே தங்கியிருந்தால், அது கீழ்க் காற்றைச் சூடாக்கிக் கலப்புக்கு உதவக்கூடும். அதை அடுப்பு விளைவு என்கிறார்கள். ஒரே பொருள், உயரம் மாறினால் விளைவு தலைகீழ். அதனால்தான் 'மாசு சூடாக்குமா, குளிர்விக்குமா' என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த மாசு, எந்த நேரம், எத்தனை மீட்டரில்?

இதெல்லாம் கணினி மாதிரிகளில் மட்டும் பார்த்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், மேலே போய் அளந்திருக்கிறார்கள். 1999இல் இந்தியப் பெருங்கடல் பரிசோதனை என்ற பன்னாட்டுக் கள ஆய்வு நடந்தது. வீரபத்ரன் ராமநாதன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் பழுப்புப் புகைமூட்டம் கடல் மேற்பரப்பை எட்டும் சூரிய ஒளியைக் கணிசமாகக் குறைப்பதும், குறைந்ததில் பெரும்பங்கு விண்வெளிக்குத் திரும்பாமல் நடுவே காற்றிலேயே தங்கிவிடுவதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. பிறகு 2006 மார்ச்சில் அவரது குழு மாலத்தீவில் மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, புகைமூட்டத்துக்குக் கீழே, உள்ளே, மேலே என்று ஒரே நேரத்தில் பறக்கவிட்டது. அரை கிலோமீட்டர் முதல் 3 கிலோமீட்டர் உயரம் வரை. மேலே வந்த ஒளியிலிருந்து கீழே போன ஒளியைக் கழித்தால் நடுவில் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று நேரடியாகத் தெரிந்துவிடும், எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள். கீழ் வளிமண்டலத்தில் சூரிய ஒளியால் ஏற்படும் வெப்பமேற்றத்தை அந்தப் புகைமூட்டம் சுமார் 50 சதவீதம் கூட்டியிருந்தது. 2007இல் முடிவுகள் வெளியாயின. அளந்தது கடலுக்கு மேலே, நகரங்களிலிருந்து வெகு தொலைவில். வழியெல்லாம் நீர்த்துப்போன புகையே இவ்வளவு செய்கிறது.

ஈரம் சேர்ந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகும். சல்பேட், நைட்ரேட் துகள்கள் உப்பு மாதிரி, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தரை குளிர்ந்தால் ஒப்பு ஈரப்பதம் கூடும், கூடினால் துகள்கள் தண்ணீர் குடித்து ஊதும், ஊதினால் இன்னும் அதிகமாக ஒளியைத் தடுக்கும், தரை இன்னும் குளிரும். முதல் சுழற்சிக்குள்ளே இரண்டாவது சுழற்சி. ஈரப்பதம் 100 சதவீதத்தை எட்டினால் மூடுபனி. மாசு நிறைந்த காற்றில் நீர்த்துளி உருவாக ஏராளமான துகள்கள் இருப்பதால், இருக்கும் தண்ணீர் எண்ணற்ற சிறு துளிகளாகப் பிரிந்துவிடும். சிறு துளிகள் சீக்கிரம் கீழே விழாது, ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும். காலை 9 மணிக்குக் கலைய வேண்டிய மூடுபனி மதியம் வரை நிற்கிறது. மேகங்களிலும் இதே விளைவு உண்டு, மாசடைந்த மேகம் கூடுதல் வெண்மையாக இருக்கும். ஆனால் மேக அடுக்குக்குள்ளேயே புகைக்கரி நிறைந்திருந்தால் அந்தக் காற்று சூடாகி மேகமே கரைந்துபோவதும் உண்டு. மேகங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே இது போதும்.

இந்த மூடி ஆளைக் கொல்லும் என்பதை இருபதாம் நூற்றாண்டு மூன்று முறை கண்ணெதிரே பார்த்தது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் சில நாட்களில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1948 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோனோரா என்ற சிற்றூரில் 20 பேர். இரண்டுமே பள்ளத்தாக்குகள், இரண்டிலும் ஆலைகள், இரண்டிலும் மேலே வெப்பக் காற்று மூடியாக நின்றது. 1952இல் லண்டன். டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்று அசையாத உயர் அழுத்தம், கடுங்குளிர், வீடுதோறும் நிலக்கரி. குளிர் அதிகமானதால் மக்கள் அடுப்பில் இன்னும் நிலக்கரி போட்டார்கள்; அந்தப் புகை வெயிலை மறைத்தது; ஏற்கெனவே பலவீனமான டிசம்பர் வெயில் தரையைச் சூடாக்கி மூடியை உடைக்க முடியாமல் போனது. பகலில் எதிரே வருபவர் தெரியாத இருட்டு. அப்போது 4,000 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டார்கள், பின்னாளில் வந்த மதிப்பீடு ஒன்று 12,000 வரை சொல்கிறது. 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆனால் அந்த டிசம்பரில், ஐந்து நாள் கழித்து லண்டனைக் காப்பாற்றியது காற்றுதான், எந்த நடவடிக்கையும் இல்லை. மேற்கிலிருந்து காற்று வீசியது, மூடி போனது.

லாஸ் ஏஞ்சலஸ் வேறு மாதிரி. அங்கே கீழே கடலின் குளிர்ந்த காற்று, மேலே உயர் அழுத்தத்தால் இறங்கி அழுந்திச் சூடான காற்று, மூன்று பக்கம் மலை. மூடி இயற்கையாகவே மாதக்கணக்கில் தங்கும். அதற்குக் கீழே வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனைச் சமைக்கின்றன என்று வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட் 1950களில் காட்டினார். அங்கே வெப்பம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது: சூடு கூடினால் அந்த வேதிவினைகள் வேகமெடுக்கும், ஓசோன் கூடும்.

இதில் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிட வேண்டும். கோடை வெப்ப அலை நாட்களில் காற்றின் தரமும் மோசமாக இருப்பதைப் பார்த்து, மாசுதான் அந்த வெப்பத்துக்குக் காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கும், காற்று மேலிருந்து இறங்கி அசையாமல் நிற்கும் உயர் அழுத்தம். அது வானத்தைத் தெளிவாக்கி வெயிலைக் கூட்டுகிறது, அதே கையால் மூடியைப் போட்டுப் புகையையும் தேக்குகிறது.

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பது தனிக் கதை. கான்கிரீட், தார்ச்சாலை, மரமின்மை, ஏசியும் வாகனங்களும் கக்கும் வெப்பம் எல்லாம் சேர்ந்தது. இதை முதலில் முறையாக அளந்தவர் லூக் ஹோவர்டு, மேகங்களுக்கு இன்றுவரை நாம் பயன்படுத்தும் பெயர்களைக் கொடுத்த அதே மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குள்ளும் வெளியேயும் வருடக்கணக்கில் வெப்பநிலை எடுத்தார். அவர் கண்டது: இரவில் நகரம் கிராமப்புறத்தைவிட 3.70 டிகிரி பாரன்ஹீட் அதிகச் சூடு, அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். பகலில் நகரம் 0.34 டிகிரி பாரன்ஹீட் குளிர்ச்சி! முதல் எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் காலத்து நிலக்கரிப் புகை லண்டனின் பகல் வெயிலை எவ்வளவு மறைத்திருக்கும் என்று யோசித்தால், அந்தச் சின்னக் குளிர்ச்சியில் புகைக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இரவு நேரத்துக்கு நம் காலத்து அளவீடும் இருக்கிறது. சீன நகரங்களைப் பற்றி 2016இல் வந்த ஆய்வு, ஓரளவு வறண்ட பகுதி நகரங்களில், சுற்றுப்புறத்தைவிட நகரத் தரைக்கு இரவில் இருக்கும் கூடுதல் வெப்பத்தில் புகைமூட்டத்தின் பங்கு சுமார் 0.7 டிகிரி என்று கண்டது. ஏன் வறண்ட பகுதியில் மட்டும் இவ்வளவு? அங்கே காற்றில் பருமனான புழுதி அதிகம், பருமனான துகள் வெப்பக் கதிரைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் என்று மேலே பார்த்தோமே, அதுதான். போர்வை உண்மையிலேயே போர்வையாக இருக்கும் இடம் இது. பகலில் குறைத்து இரவில் கூட்டுவதால் பகலுக்கும் இரவுக்குமான வெப்ப வித்தியாசம் சுருங்கிப்போவதும் மாசடைந்த நகரங்களின் ஒரு அடையாளம்.

காற்றில் தொங்கும் ஒரு மெல்லிய மூட்டம் வெயிலை இவ்வளவு பலவீனமாக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்குப் பழைய சான்று ஒன்று. 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு மாதக்கணக்கில் கந்தகம் கக்கியது, ஐரோப்பா முழுவதும் உலர்ந்த மூட்டம். அப்போது பிரான்சில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்தும் பழுப்புக் காகிதம் பற்றிக்கொள்ளச் சிரமப்பட்டது என்று எழுதி, அடுத்து வந்த கடுங்குளிருக்கு அந்த மூட்டமே காரணமாக இருக்கலாம் என்றும் ஊகித்தார். எரிமலை செய்ததைப் பின்னாளில் தொழிற்சாலைகள் மெதுவாகச் செய்தன. 1950களிலிருந்து 1980கள் வரை உலகின் பல இடங்களில் தரையை எட்டும் சூரிய ஒளி குறைந்துகொண்டே வந்தது, ஐரோப்பாவில் காற்று சுத்தமாகத் தொடங்கியதும் மறுபடி கூடியது.

இங்கேதான் எல்லோரையும் சங்கடப்படுத்தும் கேள்வி வருகிறது. மாசு குடையாக இருந்து மறைத்தது என்றால், குடையை மடக்கினால் வெயில் ஏறாதா? ஏறும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையின்படி, துகள்கள் முதலான மனிதக் காரணிகள் உலக சராசரி வெப்பநிலையை 0 முதல் 0.8 டிகிரி வரை குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன. 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், கப்பல் தடங்களில் உருவாகி வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்மேகக் கோடுகள் குறைந்தன. ஆகவே மாசு இருந்தால் நல்லதுதானே என்று சிலர் வாதிடத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இந்த வாதம் துளியும் ஏற்புடையதில்லை. வெளிக்காற்று மாசால் 2019இல் மட்டும் 42 லட்சம் அகால மரணங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனித நுரையீரலைக் குடைத் துணியாக்கி வெயிலைத் தடுப்பதை யாரும் தீர்வு என்று சொல்லக்கூடாது. மேலும், துகள்கள் சில நாட்களில் மழையில் விழுந்துவிடும், கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். குடை தினமும் புதிதாக வேண்டும், வெப்பமோ சேர்ந்துகொண்டே போகும். அதோடு எல்லா மாசும் குடை இல்லையே. புகைக்கரியைக் குறைத்தால் மேலே சூடாக்குவதும் குறையும், மூடியும் தளரும், நெஞ்சுக்கும் நல்லது; எங்கே முதலில் கைவைக்க வேண்டும் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் அதுதான்.

கைவைக்கும் நேரமும் முக்கியம். வானிலை நிலையங்கள் காற்றின் வேகத்தையும் கலப்பு உயரத்தையும் (புகை கலக்கும் எல்லை அடுக்கின் உயரம்தான்) பெருக்கிக் காற்றோட்டக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகின்றன. எவ்வளவு புகையை அந்த வானம் தாங்கும் என்பதை அது சொல்லிவிடும். மதியம் 2 மணிக்கு 1,500 மீட்டர் உயரம் இருக்கும் அடுக்கு இரவு 10 மணிக்கு 200 மீட்டர் என்றால், ஒரே அளவு குப்பையை எரித்தாலும் இரவில் அந்தப் புகையின் அடர்த்தி ஏழு மடங்குக்கும் மேல், காற்றும் நின்றிருந்தால் அதைவிட மோசம். அப்படி இரவில் வந்த கரி எங்கேயும் போவதில்லை, மூடிக்கு அடியிலேயே காத்திருக்கிறது. தரையைச் சூடாக்கி மூடியை உடைக்க வேண்டிய காலை வெயில் முதலில் சந்திப்பது அந்தக் கரியைத்தான்.